வாஷ்பேசின் மிகைநீர்த் துளை

வாஷ்பேசினின் விளிம்புக்குச் சற்றுக் கீழே அமைந்து, அடைப்பானை மூடிக் குழாயைத் திறந்துவைத்தாலும் நீர் தரையில் வழியாதவாறு, உட்சுவரில் மறைந்துள்ள கால்வாய் வழியே அதைக் கழிவுக்குழாய்க்குச் செலுத்தும் திறப்பு மிகைநீர்த் துளை எனப்படும். ஏரிக்குக் கலிங்கு செய்யும் பணி இதுவே.

துளையின் அளவைத் தீர்மானிப்பது தொட்டியின் கொள்ளளவு அன்று. குழாய் நொடிக்குத் தரும் நீரின் அளவும், துளையின் மையத்துக்கு மேல் நீர் நிற்கக்கூடிய உயரமாகிய நீர்த்தலையுமே ஆகும். நீர்த்தலை 25 மி.மீ. எனில் நீர் நொடிக்கு ஏறத்தாழ 0.7 மீட்டர் வேகத்தில் பாயும். ஆயினும் துளையைக் கடக்கும் தாரை சுருங்குவதால், வெளியேற்றக் கெழு எனப்படும் ஏறத்தாழ 0.6 என்னும் எண்ணால் இந்த வேகத்தைப் பெருக்க வேண்டும். இதன்படி நொடிக்கு 0.1 லிட்டர் வெளியேற 2.4 சதுர செ.மீ. பரப்பும், 0.25 லிட்டருக்கு 6 சதுர செ.மீ. பரப்பும் தேவைப்படும். நீர்த்தலை நான்கு மடங்கானால்தான் வேகம் இரு மடங்காகும் என்பதால், துளையைக் கீழே இறக்குவதைவிட அகலப்படுத்துவதே பயன் மிக்கது.

ஐரோப்பியத் தரநிலை ஈஎன் 14688 வெளியேற்றத் திறனைக் கொண்டே தொட்டிகளை வகைப்படுத்துகிறது. சிஎல் 25 என்பது நொடிக்கு 0.25 லிட்டரையும், சிஎல் 00 என்பது துளையில்லாத் தொட்டியையும் குறிக்கும். துளை எத்துணைப் பெரிதாயினும், சோப்புப் படிவால் குறுகிய கால்வாயோ கழிவு வாயின் சிறு பிளவுகளோ நீரைத் தடுத்தால், அந்தக் குறுகலே உண்மையான அளவாகிவிடும்.