கூம்புச் சங்கின் தடையும் ஊசிக்குப்பியின் தூண்டலும்

இராமேஸ்வரம் அக்னி தீர்த்தக் கரையை ஒட்டிய கடைகளில், பூசைச் சங்குகளுக்கும் சிப்பி மாலைகளுக்கும் நடுவே கூம்பு வடிவில் வழவழப்பான சங்குகள் விற்பனைக்கு இருக்கும். அவற்றுக்குள் வாழ்ந்த உயிர் ஈட்டி போன்ற நுண்பல்லால் இரையைக் குத்தி, பெப்டைடுகள் நிறைந்த நஞ்சைச் செலுத்துவது. தென்கிழக்கு இந்தியக் கடற்கரையில் கிடைக்கும் 'கோனஸ் அமாடிஸ்' என்னும் இனத்தின் நஞ்சிலிருந்து 26 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு பெப்டைடைப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பி. பலராம் குழுவினர் பிரித்து, அது நரம்பின் சோடியம் வாயில்களை மூடவிடாமல் செய்கிறது என்று 2003இல் காட்டினர். இதே குடும்பத்தைச் சேர்ந்த 'கோனஸ் ரோலனி' என்னும் ஆழ்கடல் சங்கில் 2022இல் வெளியான கண்டுபிடிப்பு இக்கட்டுரையின் பொருளான வளர்ச்சி ஹார்மோன் பெப்டைடுகளுக்கு இன்னும் நெருங்கியது. அதன் நஞ்சில் இருந்த 'கான்சொமாட்டின்' என்ற பெப்டைடு, வளர்ச்சி ஹார்மோன் சுரப்பைத் தடுக்கும் நம் சொமாட்டோஸ்டாட்டினைப் போலவே செயல்படுகிறது. இயற்கைச் சொமாட்டோஸ்டாட்டின் இரத்தத்தில் சில நிமிடங்களில் சிதைந்துவிடும். சங்கின் பெப்டைடு நெடுநேரம் நிலைக்கும்.

உடற்பயிற்சிக் கூடங்களிலும் இணையக் கடைகளிலும் புழங்கும் வளர்ச்சி ஹார்மோன் தூண்டு பெப்டைடுகளுக்குச் சார்பாக ஒரே வாதம்தான் திரும்பத் திரும்ப முன்வைக்கப்படுகிறது: 'வெளியிலிருந்து ஹார்மோனைச் செலுத்தவில்லை, உடல் தானாகச் சுரப்பதைத்தான் தூண்டுகிறோம், ஆகவே இது இயற்கையானது, ஆபத்தில்லாதது.' இந்த வாதம் உடலியங்கியல்படி தவறானது என்பதே என் நிலைப்பாடு.

பிட்யூட்டரி சுரப்பி வளர்ச்சி ஹார்மோனை ஒரே சீராகச் சுரப்பதில்லை. அது துடிப்புத் துடிப்பாக, பெரும்பாலும் ஆழ்ந்த உறக்கத்தில் வெளிப்படும். ஹைப்போதலாமஸிலிருந்து வரும் தூண்டு ஹார்மோனும் சொமாட்டோஸ்டாட்டினும் மாறி மாறி அதை ஆள்கின்றன. இரைப்பையில் உருவாகும் கிரெலின் மூன்றாவது கை. அதை 1999இல் ஜப்பானில் கோஜிமா, கங்காவா குழுவினர் கண்டறிந்தனர். தூண்டு ஹார்மோனின் அரை ஆயுள் சில நிமிடங்களே. எழுந்த அலை உடனே அடங்க வேண்டும் என்பதற்காகவே உடல் அதை இவ்வளவு விரைவில் சிதைக்கிறது.

அந்தத் தூண்டு ஹார்மோன் முதன்முதலில் எங்கிருந்து பிரித்தெடுக்கப்பட்டது என்பதை விற்பனையாளர்கள் சொல்வதில்லை. 1982இல் கியமான் குழுவும், ரிவியே, வேல் ஆகியோரின் குழுவும் அதை மனிதக் கணையக் கட்டிகளிலிருந்து பெற்றன. அந்த நோயாளிகளுக்கு இருந்தது அக்ரோமெகலி: கை, கால், தாடை பெருத்து, இதயம் வீங்கி, சர்க்கரை ஏறும் நோய். அவர்களின் கட்டி தூண்டு ஹார்மோனை ஓயாது சுரந்தது. அவர்களின் சொந்தப் பிட்யூட்டரி சொந்த வளர்ச்சி ஹார்மோனை ஓயாது வெளியிட்டது. வெளியிலிருந்து எதுவும் செலுத்தப்படவில்லை. இருந்தும் அது நோயானது. 'உடல் தானாகச் சுரப்பது' என்ற வாதத்துக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு எனக்குத் தெரியவில்லை.

செயற்கைப் பெப்டைடுகள் இயற்கையின் நகல்களும் அல்ல. டியூலேன் பல்கலைக்கழகத்தின் சிரில் பவர்ஸ் உருவாக்கிய, வளர்ச்சி ஹார்மோனைத் தூண்டும் ஜிஎச்ஆர்பி-6இல் ஆறே அமினோ அமிலங்கள். அவற்றுள் ஒன்று, நம் புரதங்களில் இல்லாத வலப்பக்க வடிவ டிரிப்டோபான். சொமாட்டோஸ்டாட்டினைப் போலச் செய்யப்பட்ட ஆக்ட்ரியோடைடு மருந்திலும் அதுவே உண்டு. கான்சொமாட்டினிலும் அதுவே உண்டு. தூண்டுவதானாலும் தடுப்பதானாலும், வேதியியலாளரும் கடற்சங்கும் ஒரே உத்தியைக் கையாண்டிருக்கிறார்கள். நொதிகளுக்கு எளிதில் இரையாகாத அமைப்பு. அதனால் நீளும் ஆயுள். ஆக்ட்ரியோடைடுக்கு அந்த நீட்சி மருந்தின் பயனைத் தந்தது. சங்குக்கு அது வேட்டைக் கருவி. எந்த நோய்க்கு, எந்த அளவில், யார் கண்காணிப்பில் என்ற மூன்றையும் நீக்கிவிட்டால் நீண்ட ஆயுள் நன்மையாக இருக்க வேண்டிய காரணமே இல்லை.

எதிர்த்தரப்பின் வலுவான சான்றையும் இங்கே எடுத்துக்கொள்ள வேண்டும். தூண்டு ஹார்மோனைப் போலச் செய்யப்பட்டு, இரத்த அல்புமினோடு பிணைந்து, சுமார் ஒரு வாரம் அரை ஆயுள் பெறும் சிஜேசி-1295ஐ ஆரோக்கியமான ஆண்களுக்குச் செலுத்திய 2006ஆம் ஆண்டு ஆய்வில், ஹார்மோனின் துடிப்புகள் மறையவில்லை. இது உண்மை. ஆனால் அதே ஆய்வில் இரண்டு துடிப்புகளுக்கு இடையிலான அடிமட்ட அளவு சுமார் ஏழரை மடங்கு உயர்ந்தது. துடிப்பு இருந்தது, ஓய்வு குறைந்தது. சில வாரங்களுக்குள் முடிந்த அந்த ஆய்வைக் கொண்டு பல மாதப் பயன்பாட்டை நியாயப்படுத்த முடியாது.

நீண்டகாலப் பயன்பாட்டைப் பற்றிக் கையில் உள்ள சிறந்த தரவு, பெப்டைடு அல்லாத, கிரெலின் ஏற்பியையே தூண்டும் எம்கே-677 மாத்திரையிலிருந்து வருகிறது. 60 வயதைக் கடந்த, ஆரோக்கியமான 65 பேரிடம் நடந்து 2008இல் வெளியான ஆய்வில், ஓராண்டில் கொழுப்பில்லா உடல் எடை சுமார் 1.1 கிலோ கூடியது. வலிமை கூடவில்லை. வெறும் வயிற்றுச் சர்க்கரை உயர்ந்தது, இன்சுலினுக்கான உணர்திறன் குறைந்தது. இடுப்பெலும்பு முறிந்த முதியவர்களிடம் இதே மாத்திரையைக் கொண்டு நடந்த மற்றோர் ஆய்வு, இதயச் செயலிழப்பு அறிகுறி காரணமாக இடையில் நிறுத்தப்பட்டது. மருந்து பெற்ற 62 பேரில் நால்வருக்கும், பெறாத 61 பேரில் ஒருவருக்கும் அது ஏற்பட்டிருந்தது. எண்ணிக்கை சிறியது என்று இதை ஒதுக்கலாம். ஆனால் வளர்ச்சி ஹார்மோன் உடலில் உப்பையும் நீரையும் தேக்கும் என்பது முன்பே அறிந்த இயக்கம். எண்ணிக்கையும் இயக்கமும் ஒரே திசையைக் காட்டும்போது ஒதுக்குவது சரியல்ல. வயது வந்தோரில் 11.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவும் 15.3 விழுக்காட்டினருக்கு அதன் முன்நிலையும் இருப்பதாக 2023இல் ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வு காட்டிய நாட்டில், சர்க்கரையை ஏற்றும் ஒரு பொருளைப் பரிசோதனையின்றிச் செலுத்திக்கொள்வது கண்மூடித்தனம்.

இந்த வகைப் பெப்டைடுகள் அனைத்தும் தீயவை என்பது என் வாதமன்று. டெசமோரெலினுக்கு 2010இல் அமெரிக்க ஒப்புதல் கிடைத்தது. எச்ஐவி நோயாளிகளின் வயிற்றுக் கொழுப்பு என்ற ஒரே தேவைக்கு, புற்றுநோய் இருப்போருக்குக் கூடாது என்ற தடையோடு. செர்மோரெலின் ஒருகாலத்தில் வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்குத் தரப்பட்டது. இவை சோதனையில் தேறி வந்தவை. ஐபமோரெலினோ அறுவைக்குப் பின் குடல் இயக்கத்தைத் திரும்பக் கொண்டுவரவே சில நாள்கள் சோதிக்கப்பட்டது. அதிலும் எதிர்பார்த்த பலன் தரவில்லை. தசைக்கு என்று விற்பவர் எந்த ஆய்வையும் காட்ட முடியாது.

குப்பிக்குள் இருப்பது என்ன என்பது தனிக் கேள்வி. சிஜேசி-1295 என்ற பெயரிலேயே ஒரு வாரம் நிலைப்பதும் அரைமணி நேரம் நிலைப்பதும் விற்கப்படுகின்றன. அளவைப் பெயர் பார்த்து நிர்ணயிப்பவர் எதை ஏற்றுகிறார் என்று அவருக்கே தெரியாது. மாசுகளும் திரண்ட பெப்டைடுகளும் நோய் எதிர்ப்பு மண்டலத்தைக் கிளறக்கூடும் என்ற காரணத்தால், 2023இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இவற்றில் பலவற்றை ஆபத்துக்குரியவை எனப் பட்டியலிட்டது. கரைத்த பெப்டைடு குளிர்பதனத்தில் இருக்க வேண்டியது. இராமநாதபுரத்துச் சித்திரை வெயிலில் கூரியர் பையில் வந்து சேரும் குப்பிக்கு அந்த உறுதியை யாரும் தர முடியாது. கபடி, தடகள வீரர்கள் இன்னொன்றையும் அறிய வேண்டும்: இவை அனைத்தும் உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் தடைப்பட்டியலில் எஸ்2 பிரிவில் உள்ளன, போட்டிக் காலத்திலும் அதற்கு வெளியிலும் தடை உண்டு.

மண்டபம், பரமக்குடி, இராமநாதபுரம் மருத்துவர்களிடமும் பயிற்சியாளர்களிடமும் என் வேண்டுகோள் இது: இளைஞர் ஒருவர் விரல் மரத்துப்போகிறது, கால் வீங்குகிறது, தலை வலிக்கிறது என்று வந்தால், ஊசி ஏதேனும் போட்டுக்கொள்கிறாரா என்று கடிந்துகொள்ளாமல் கேளுங்கள். ஆம் என்றால் ஊசியை நிறுத்தச் சொல்லி, வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, வளர்ச்சி ஹார்மோனின் செயல்பாட்டைக் காட்டும் ஐஜிஎஃப்-1 ஆகிய மூன்றையும் பரிசோதியுங்கள்.