சீனச் சோதிடத்தில் ஐந்து மூலகங்கள்

சீனச் சோதிடத்தில் ஐந்து மூலகங்கள் என்பன மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் ஆகியனவாகும். சீன மொழியில் இவை வூ சிங் எனப்படுகின்றன. ஒருவர் பிறந்த ஆண்டு, மாதம், நாள், நேரம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் உரிய மூலகங்கள் உண்டு என்றும், அவை தம்முள் கொள்ளும் உறவே அவரது குணத்தைக் காட்டும் என்றும் இச்சோதிடம் கூறுகின்றது. எலி, புலி, குதிரை முதலிய 12 விலங்குகளே உலகில் பரவலாக அறியப்பட்டவை. எனினும் விரிவான கணிப்புக்கு அடிப்படையாக அமைவன மூலகங்களே.

சொற்பொருள்

சீன மொழியில் "வூ" என்பது ஐந்து என்றும், "சிங்" என்பது நடத்தல் அல்லது இயங்குதல் என்றும் பொருள்படும். எனவே இவை பொருட்களைக் காட்டிலும், ஒன்றன்பின் ஒன்றாக வரும் இயக்க நிலைகளையே குறிக்கின்றன. இந்திய மெய்யியல் கூறும் ஐம்பூதங்களுள் நிலம், நீர், தீ ஆகிய மூன்றும் இதிலும் உள்ளன. வளியும் வானும் இல்லை. அவற்றுக்குப் பதிலாக மரமும் உலோகமும் இடம்பெறுகின்றன.

வரலாறு

ஐந்து மூலகங்களின் பட்டியல் சீனத்தின் பழைய நூலான சூசிங்கில் காணப்படுகின்றது. கி.மு. 3ஆம் நூற்றாண்டளவில் வாழ்ந்த சோ யென் என்னும் அறிஞர், அரச மரபுகளின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் மூலகங்களின் சுழற்சியைக் கொண்டு விளக்கினார். சீனாவை ஒன்றிணைத்த பேரரசர் சின் சி ஹுவாங் தமது ஆட்சிக்கு நீரை மூலகமாகவும், அதற்குரிய கருப்பை அரச நிறமாகவும் ஏற்றார் என வரலாற்றாசிரியர் சிமா சியென் எழுதியுள்ளார். ஹான் அரச மரபின் காலத்தில் திசை, பருவகாலம், நிறம், உடலுறுப்பு, நற்பண்பு என அனைத்தும் மூலகங்களோடு பொருத்தப்பட்டன. தனிமனிதரின் பிறப்பைக் கணிக்கும் முறை இதன் பின்னரே வளர்ந்தது.

ஆக்கச் சுழற்சியும் அடக்கும் சுழற்சியும்

மூலகங்களுக்கு இடையே இரண்டு வகையான உறவுகள் கூறப்படுகின்றன.

* ஆக்கச் சுழற்சி: மரம் எரிந்து நெருப்பாகின்றது, நெருப்பின் சாம்பல் மண்ணாகின்றது, மண்ணிலிருந்து உலோகம் கிடைக்கின்றது, உலோகத்தின் மீது நீர்த்துளி படிகின்றது, நீர் மரத்தை வளர்க்கின்றது.
* அடக்கும் சுழற்சி: மரத்தின் வேர் மண்ணைப் பிளக்கின்றது, மண் நீரைத் தடுக்கின்றது, நீர் நெருப்பை அணைக்கின்றது, நெருப்பு உலோகத்தை உருக்குகின்றது, உலோகம் மரத்தை வெட்டுகின்றது.

எனவே எந்த மூலகமும் தனியே நல்லதும் அன்று, தீயதும் அன்று. மிகுதியும் குறைவுமே கேடாகக் கருதப்படுகின்றன.

மூலகங்களும் குணங்களும்

ஒவ்வொரு மூலகத்துக்கும் கன்பூசிய நெறியின் நற்பண்பு ஒன்றும், அது மிகும்போது தோன்றும் குறையும் கூறப்படுகின்றன.

* மரம்: கிழக்கு, இளவேனில், பச்சை. பண்பு அன்புடைமை. வளர்ச்சியில் நாட்டம் உண்டு. மிகுந்தால் சினம் தோன்றும்.
* நெருப்பு: தெற்கு, கோடை, சிவப்பு. பண்பு ஒழுங்கு மரியாதை. ஊக்கமும் தலைமையும் உண்டு. மிகுந்தால் பொறுமையின்மை தோன்றும்.
* மண்: நடு, மஞ்சள். பண்பு நம்பகம். நிதானமும் உழைப்பும் உண்டு. மிகுந்தால் பிடிவாதமும் கவலையும் தோன்றும்.
* உலோகம்: மேற்கு, இலையுதிர்காலம், வெள்ளை. பண்பு நேர்மை. உறுதி உண்டு, மிகுந்தால் வளைந்து கொடாமை தோன்றும்.
* நீர்: வடக்கு, குளிர்காலம், கருப்பு. பண்பு அறிவு. சூழலுக்கேற்ப மாறும் திறன் உண்டு. மிகுந்தால் அச்சமும் நிலையின்மையும் தோன்றும்.

ஆண்டின் மூலகத்தை அறிதல்

சீன நாட்காட்டியில் "வானத் தண்டுகள்" எனப்படும் 10 குறிகளும் "நிலக் கிளைகள்" எனப்படும் 12 குறிகளும் இணைந்து 60 ஆண்டுச் சுழற்சி உருவாகின்றது. விலங்குகள் கிளைகளுக்கு உரியன. ஒவ்வொரு மூலகமும் யாங், யின் என இரண்டு தண்டுகளைப் பெறுகின்றது. யாங் மரம் பெருமரமாகவும், யின் மரம் கொடியாகவும், யாங் நெருப்பு கதிரவனாகவும், யின் நெருப்பு விளக்காகவும் உருவகிக்கப்படுகின்றன.

ஆங்கில ஆண்டின் கடைசி இலக்கத்தைக் கொண்டு ஆண்டின் மூலகத்தை எளிதில் அறியலாம்: 4, 5 மரம், 6, 7 நெருப்பு, 8, 9 மண், 0, 1 உலோகம், 2, 3 நீர். இரட்டை எண் யாங். ஒற்றை எண் யின். சீனப் புத்தாண்டு சனவரி பிற்பகுதியிலோ பெப்ரவரியிலோ வருவதால், அதற்கு முன் பிறந்தவர்களுக்கு முந்தைய ஆண்டையே கொள்ள வேண்டும்.

நான்கு தூண்கள்

ஆண்டின் மூலகத்தை மட்டும் கொண்டு குணம் கூறுவது எளிமைப்படுத்தப்பட்ட வழக்கமாகும். விரிவான முறையில் ஆண்டு, மாதம், நாள், நேரம் ஆகிய நான்கு "தூண்களும்" கணக்கிடப்படுகின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு தண்டும் ஒரு கிளையும் இருப்பதால் எட்டு எழுத்துகள் கிடைக்கின்றன. இதனால் இம்முறை பா சி, அதாவது எட்டு எழுத்து, எனப்படுகின்றது. சொங் அரச மரபின் காலத்தவராகக் கூறப்படும் சூ சிபிங்கின் பெயரால் வழங்கும் மரபில், பிறந்த நாளின் தண்டே அந்த மனிதரைக் குறிக்கின்றது. மற்ற எழுத்துகள் அதை வளர்க்கின்றனவா, அடக்குகின்றனவா என்று பார்த்துப் பலன் கூறப்படுகின்றது.

எட்டு எழுத்துகளில் ஒரு மூலகம் இல்லாவிட்டால், அதைக் குறிக்கும் எழுத்தைக் குழந்தையின் பெயரில் சேர்த்து ஈடுசெய்யும் வழக்கமும் உண்டு. லூ சுன் 1921இல் எழுதிய "சொந்த ஊர்" என்னும் சிறுகதையில் வரும் ருன்து, மண் குறைவாகப் பிறந்ததால் "மண்" என்று பொருள்படும் "து" என்ற எழுத்தைப் பெயரில் பெற்றவன்.

நெருப்புக் குதிரை ஆண்டு

குதிரைக்கு இயல்பாக உரிய மூலகம் நெருப்பு. 60 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆண்டின் தண்டும் நெருப்பாக அமைகின்றது. 1906, 1966, 2026 ஆகியன இத்தகைய ஆண்டுகள். இவ்வாண்டில் பிறக்கும் பெண்கள் அடங்காதவர்கள், கணவனின் ஆயுளைக் குறைப்பவர்கள் என்ற நம்பிக்கை சப்பானில் பரவியிருந்தது. தீ வைத்த குற்றத்துக்காக 1683இல் கொல்லப்பட்ட ஒஷிச்சி என்ற இளம்பெண் 1666ஆம் ஆண்டின் நெருப்புக் குதிரையில் பிறந்தவள் என்ற கதையும் இதற்கு வலுவூட்டியது.

சப்பானில் 1965இல் ஏறத்தாழ 18.2 இலட்சம் குழந்தைகள் பிறந்தன. 1966இல் இத்தொகை 13.6 இலட்சமாகக் குறைந்து, 1967இல் 19.4 இலட்சமாக உயர்ந்தது. போரோ பஞ்சமோ இல்லாத காலத்தில், ஒரே ஆண்டில் பிறப்புகள் கால் பங்கு குறைந்தமைக்கு இந்நம்பிக்கையே முதன்மைக் காரணமாகக் கூறப்படுகின்றது. பெற்றோர் பலர் அதை நம்பினர் என்பதைவிட, பிறர் நம்பித் தம் மகளை மணக்க மறுப்பர் என அஞ்சினர் என்றும் விளக்கப்படுகின்றது.

மறுப்புகள்

கி.பி. 1ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வாங் சோங், தமது லுன்ஹெங் என்னும் நூலில் இக்கோட்பாட்டை எள்ளி நகையாடினார். நீர் நெருப்பை வெல்லுமாயின், நீருக்குரிய எலி நெருப்புக்குரிய குதிரையை ஏன் துரத்துவதில்லை என்பது அவர் எழுப்பிய வினாக்களுள் ஒன்று.

ஆண்டின் தொடக்கமும் முறைக்கு முறை வேறுபடுகின்றது. சப்பான் 1873இல் கிரெகொரியின் நாட்காட்டிக்கு மாறியதால் அங்கு விலங்கு ஆண்டு சனவரி 1இல் தொடங்குகின்றது. 1966இல் சீனப் புத்தாண்டு சனவரி 21 அன்று வந்தது. நான்கு தூண் முறையில் பொதுவாகப் பெப்ரவரி 4 அளவிலேயே ஆண்டு மாறுகின்றது. ஆகவே 1966 சனவரி 10 அன்று பிறந்த பெண் சப்பானில் நெருப்புக் குதிரை. சீன வழக்கில் மரப் பாம்பு. சனவரி 25 அன்று பிறந்தவரோ சீனப் பொது வழக்கில் நெருப்புக் குதிரை. நான்கு தூண் முறையில் மரப் பாம்பு.

பிறந்த காலத்தின் மூலகம் குணத்தைத் தீர்மானிக்கின்றது என்பதற்கு அறிவியல் சான்று இல்லை. எனினும் சீனப் பண்பாட்டு வட்டத்தில் பெயரிடுதல், திருமணப் பொருத்தம் ஆகியவற்றில் ஐந்து மூலகங்கள் இன்றும் இடம்பெறுகின்றன.