கணக்குத் தலைப்பில் இல்லாத குழந்தை

நம் வட்டத்தில் கல்வி பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் அது பயிற்றுமொழியில் தொடங்கிப் பாடத்திட்டத்தில் முடிந்துவிடுகிறது. பணத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பட்ஜெட் என்பது குமாஸ்தாக்கள் சமாசாரம் என்கிற அலட்சியம் இலக்கியவாதிக்கு உண்டு. நான் குமாஸ்தா, ஆகவே அந்தச் சமாசாரத்தை எடுத்துக்கொள்கிறேன். வங்கியில் பேரேடு பார்க்கிறவனுக்குத் தொகையைவிடத் தலைப்பு முக்கியம். அதே நூறு ரூபாய் சம்பளம் என்ற தலைப்பில் விழுந்தால் வாங்குகிறவனுக்கு அது உரிமை. நன்கொடை என்ற தலைப்பில் விழுந்தால் அவன் கைகூப்ப வேண்டியிருக்கிறது. அரசாங்கம் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்த பணத்தின் இருநூறு வருஷச் சரித்திரம் பெரும்பாலும் இந்தத் தலைப்புகளின் சரித்திரம்தான் என்று எனக்குப் படுகிறது.

இதைப் பார்க்க வரிச்சிக்குடி வசதியான இடம். காரைக்காலிலிருந்து கோட்டுச்சேரி வழியாகத் தரங்கம்பாடி போகிற சாலையில் இருக்கும் ஊர். வடக்கே பூவம், அதற்கப்பால் நண்டலாறு. ஆற்றின் தென்கரை 1954 நவம்பர் வரை பிரான்ஸ். வடகரை தஞ்சாவூர் ஜில்லா, அதாவது சென்னை ராஜதானி. அந்த வடகரையிலேயே தரங்கம்பாடி 1845 வரை டென்மார்க் வசம். மூன்று ஆட்சிகள், ஒரே வண்டல், ஒரே நெல், ஒரே தமிழ். பள்ளிக்கூடத்துக்குப் பணம் வந்த வழி மட்டும் வேறு வேறு.

வடகரையை முதலில் பார்க்கலாம். சீகன்பால்கு 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கி, மறு வருஷமே பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு பள்ளி தொடங்கியபோது பணம் மிஷனுடையது. அதன் தலைப்பு தர்மம். கிழக்கிந்தியக் கம்பெனி தன் இந்தியப் பிரஜைகளின் கல்விக்கென்று சட்டப்படி பணம் ஒதுக்கியது 1813-இல்தான். முழு இந்தியாவுக்கும் வருஷத்துக்கு ஒரு லட்சம் ரூபாய். 1822-இல் தாமஸ் மன்றோ சென்னை ராஜதானியிலுள்ள பள்ளிகளைக் கணக்கெடுக்கச் சொன்னார். 1826-இல் அவர் எழுதிய குறிப்பில் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள் என்ற எண்கள் இருக்கின்றன. இந்த எண்களை வைத்துக்கொண்டு நம்முடைய பழம்பெருமைக்காரர்கள் நிறையப் பேசியாகிவிட்டது. நான் பார்ப்பது வேறு. இந்தத் திண்ணைப் பள்ளிகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு அரசாங்கம் ஒரு காசு கொடுக்கவில்லை. வாத்தியாருக்கு நெல்லும் சில்லறையும் பெற்றோர் கொடுத்தது. அரசே பள்ளி நடத்தி மாதாமாதம் சம்பளம் தரட்டும் என்று மன்றோ யோசனை சொன்னார். கலெக்டர் பள்ளி, தாசில்தார் பள்ளி என்று சிலவும் தொடங்கின. மறு வருஷம் அவர் காலராவில் இறந்தார். பத்து வருஷத்துக்குள் அந்தப் பள்ளிகளும் போய்விட்டன.

அதன்பின் 1854-இல் சார்லஸ் வுட்டின் அறிக்கை வந்தது. அரசு பள்ளியை நடத்த வேண்டியதில்லை; நடத்துகிறவனுக்கு உதவினால் போதும். இந்த ஏற்பாட்டுக்குத் தமிழில் கிடைத்த பெயர் உதவி மானியம். இந்த மொழிபெயர்ப்பு கவனிக்கத் தக்கது. மானியம் என்பது ராஜா கோயிலுக்கும் கணக்கனுக்கும் வரியில்லாமல் விட்ட நிலம். கொடுக்கிறவன் மனமிரங்கிக் கொடுப்பது, மனம் மாறினால் எடுத்துக்கொள்வது. வரி கட்டியவனின் பணம் அவன் பிள்ளைக்கே திரும்பி வரும்போது அதற்கு மானியம் என்று பெயர் வைத்ததில் ஒரு முழு அரசியல் அடங்கியிருக்கிறது. நாம் இன்னும் அந்தச் சொல்லைத்தான் உபயோகிக்கிறோம்.

பிறகு மானியமும் போதாதென்று, தேர்ச்சிக்குத் தக்க பணம் என்ற முறை வந்தது. இங்கிலாந்தில் 1862-இல் ராபர்ட் லோ கொண்டுவந்தது. சில வருஷங்களில் சென்னை ராஜதானிக்கும் இறக்குமதியானது. இன்ஸ்பெக்டர் வருவார், வாசிப்பு, எழுத்து, கணக்கு இவற்றில் தேறிய தலைகளை எண்ணுவார், அதற்குத் தக்கபடி பணம். இதன் தர்க்கத்தை ஒரு ஏழை வாத்தியாரின் இடத்திலிருந்து பாருங்கள். தேறுகிற பிள்ளை வரவு. மந்தமான பிள்ளை செலவு. பரீட்சைக்கு நிற்கவே முடியாத நாலு வயதுப் பிள்ளை வரவிலும் இல்லை, செலவிலும் இல்லை. அது பேரேட்டிலேயே இல்லை. 1904-இல் கர்சன் அரசாங்கத்தின் கல்வித் தீர்மானம் இந்த முறையைக் கைவிடச் சொன்னது. அதற்குள் ஒரு தலைமுறை போயிருந்தது.

இனி தென்கரை. பிரான்ஸில் 1833-ஆம் வருஷத்துக் கீஸோ சட்டம் ஒவ்வொரு கொம்யூனும் ஒரு தொடக்கப் பள்ளியைப் பராமரிக்க வேண்டும் என்றது. 1881-இல் ஃபெரி சட்டம் தொடக்கக் கல்வியை இலவசமாக்கியது, 1882-இல் கட்டாயமாக்கியது. 1889-இல் ஆசிரியர் சம்பளம் அரசின் செலவாயிற்று. இவற்றைவிட எனக்கு முக்கியமாகப் படுவது ஒரு பெயர் மாற்றம். ஆலைக்கு வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச் செல்லும் இடத்துக்கு அதுவரை பிரெஞ்சில் ‘அடைக்கலக் கூடம்’ என்று பெயர். தர்மவான்கள் நடத்தியது. 1881 ஆகஸ்டில் ஒரு ஆணை அதற்குத் தாய்மைப் பள்ளி என்று பெயர் சூட்டியது. 1886-ஆம் வருஷத்துச் சட்டம் அதைத் தொடக்கக் கல்வி ஸ்தாபனங்களின் வரிசையில் சேர்த்தது. அடைக்கலம் பள்ளியாயிற்று, தலைப்பு தர்மத்திலிருந்து கல்விக்கு நகர்ந்தது. அங்கே மூன்று வயதுக் குழந்தைக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறவள் ஆசிரியை. பிரான்ஸ் 2019-இல் கட்டாயக் கல்வியை மூன்று வயதிலேயே தொடங்கியபோது புதிதாக எதையும் கட்டியெழுப்ப வேண்டியிருக்கவில்லை.

குடியரசின் இந்தச் சமத்துவம் கப்பலேறி இங்கே வரும்போது எவ்வளவு சுருங்கிற்று என்பதையும் சொல்ல வேண்டும். 1826 முதல் 1828 வரை புதுச்சேரியில் தெபஸ்ஸேன் கவர்னராக இருந்தபோது தொடங்கிய பள்ளிகளே வெள்ளையருக்கு ஒன்று, சாதி இந்துக்களுக்கு ஒன்று, தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்கு ஒன்று என்று பிரிந்திருந்தன. ஆனாலும் ஒரு வித்தியாசம் நின்றது. தென்கரை அரசுப் பள்ளி ஆசிரியர் சர்க்கார் உத்தியோகஸ்தர். 1909-இல் பதினெட்டு வயதில் காரைக்காலைச் சேர்ந்த நிரவியில் தமிழாசிரியராக வேலைக்குச் சேர்ந்த கனக சுப்புரத்தினம் 1946-இல் ஓய்வு பெறும்வரை அந்த அரசிடம் சம்பளம் வாங்கினார். பாரதிதாசனைப் பற்றி நாம் எழுதிய விமர்சனத்தில் இந்த முப்பத்தேழு வருஷச் சம்பளத்துக்கு இடமே இல்லை. ஆட்சியைத் தாக்கி எழுதுகிறவனுக்கும் மாதக் கடைசியில் பணம் வருகிறதென்றால், அது அவனுடைய நன்றியுணர்ச்சியை எதிர்பார்த்து வருகிற பணம் அல்ல. மானியத்தில் பிழைக்கிற வாத்தியாருக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது.

சோற்றின் சரித்திரமும் இதே மாதிரிதான். சென்னை மாநகராட்சி 1920-இல், தியாகராயச் செட்டியார் காலத்தில், ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளை ஒன்றுக்கு ஒரு அணாவுக்கு மிகாமல் மதிய உணவு போட ஆரம்பித்தது. 1925-இல் அது நின்றது. காரணம் பஞ்சமோ ஊழலோ அல்ல. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து சாப்பாட்டுக்குச் செலவு செய்ய வெள்ளைக்கார அரசாங்கம் அனுமதிக்கவில்லை. சோறு கல்வி அல்ல என்று தணிக்கைப் பேனா தீர்மானித்தது. ஐந்து வருஷம் கழித்து 1930-இல் புதுச்சேரியில் பிரெஞ்சு நிர்வாகம் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு தொடங்கியது. இந்தப் பக்கம் 1956-இல் காமராஜர், 1982-இல் எம்.ஜி.ஆர். என்று நீண்ட பாதை. 1982-இல்தான் இரண்டு வயதிலிருந்து ஐந்து வயது வரையுள்ள கிராமத்துக் குழந்தை பெருமளவில் அரசின் கணக்கில் நுழைந்தது. நுழைந்தது வயிறாக.

பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியும் இருக்கிறது. 1937-இல் மாகாணங்களில் காங்கிரஸ் பதவிக்கு வந்தபோது பிள்ளைகளின் படிப்புக்குக் கள்ளு சாராய வருமானத்தைத் தவிர வேறு வழி இல்லை என்ற நிலை காந்தியைக் குடைந்தது. மதுவிலக்கும் வேண்டும், கல்வியும் வேண்டும் என்றால் பள்ளி தன் செலவைத் தானே சம்பாதிக்கட்டும் என்று, கைத்தொழிலை மையமாக வைத்த வார்தா திட்டம் பிறந்தது. குழந்தையின் கையாலேயே குழந்தையின் செலவை ஈடுகட்டுவது! 1953-இல் ராஜாஜி சென்னை ராஜ்யத்தின் கிராமப் பள்ளிகளில் பாதி நாள் படிப்பு, மீதி நேரம் வீட்டுத் தொழில் என்று மாற்றினார். சாதித் தொழிலுக்குத் திருப்பி அனுப்புவது என்று எதிர்த்தவர்கள் சொன்னது சரி. அதே கட்டடத்தில், அதே வாத்தியாரை வைத்து இரண்டு மடங்கு பிள்ளைகள் என்ற கணக்கும் அதற்குள் இருந்தது. 1954 மே மாதத்தில் காமராஜர் அரசு அதை எடுத்தது. அந்த ஒரு வருஷம் நண்டலாற்றின் வடகரைப் பிள்ளைக்கு அரை நாள் பள்ளி. வரிச்சிக்குடிப் பிள்ளைக்கு அந்தத் திட்டம் எட்டவில்லை. இன்னும் ஆறு மாதம் அது பிரெஞ்சுப் பிள்ளை. இன்று நிலைமை இரு கரையிலும் ஒன்றே. புதுச்சேரியின் சொந்த வருமானத்தில் கலால் வரி ஒரு பெரிய தூண். வடகரையில் 2003 முதல் மதுக்கடையை அரசே நடத்துகிறது. காந்தியைக் குடைந்த கேள்வி யாரையும் குடையவில்லை.

1950-ஆம் வருஷத்து அரசியல் சாசனத்தின் 45-ஆம் பிரிவு, பத்து வருஷத்துக்குள் பதினான்கு வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி தர அரசு முயலும் என்றது. கீழ் எல்லை குறிப்பிடவில்லை. பிறந்த குழந்தையும் அந்த வாக்கியத்தில் இருந்தது. 2002-இல் 86-ஆம் திருத்தம் கல்வியை அடிப்படை உரிமையாக்கியபோது ஆறிலிருந்து பதினான்கு என்று கோடு போட்டது. உரிமையைக் கொடுத்த அதே பேனா ஆறு வயதுக்குட்பட்டவர்களைப் பழைய 45-ஆம் பிரிவிலேயே விட்டது: அவர்களுக்காக அரசு முயலும். 2009-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு, முன்பருவக் கல்விக்கு அரசு ஏற்பாடு செய்யலாம் என்கிறது. செய்ய வேண்டும் என்பதற்கும் செய்யலாம் என்பதற்கும் உள்ள தூரத்தை எந்தக் கடன் பத்திரத்திலும் பார்க்கலாம்.

அந்தத் தூரத்தில் உட்கார்ந்திருக்கிறவள் அங்கன்வாடிப் பணியாளர். 1975 அக்டோபர் 2-இல் 33 வட்டாரங்களில் மத்திய அரசு தொடங்கிய திட்டம் அவளைத் தொண்டர் என்று வைத்தது. தொண்டருக்குச் சம்பளம் கிடையாது, மதிப்பூதியம்தான். 2018 அக்டோபரில் மத்திய அரசு நிர்ணயித்த தொகை மாதம் 4,500 ரூபாய், உதவியாளருக்கு 2,250. இதற்கு மேல் மாநிலங்கள் சேர்த்துத் தருகின்றன. தமிழ்நாட்டில் அதற்குச் ‘சிறப்புக் காலமுறை ஊதியம்’ என்று பெயர். சிறப்பு என்ற அடைமொழி வழக்கமான காலமுறை ஊதியம் இல்லை என்பதைச் சொல்வதற்காக. அதே 2018-இல், செல்போனில் பதிவுகளை ஒழுங்காக ஏற்றினால் மாதம் 500 ரூபாய் ஊக்கத்தொகை என்றும் வந்தது. ராபர்ட் லோ செத்துப்போனதாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். இவர்கள் வகிப்பது அரசுப் பதவி அல்ல என்று 2006-இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2022-இல் பணிக்கொடை உண்டு என்றது. ஓய்வு பெறும்போது ஊழியர். வேலை செய்யும்போது தொண்டர்.

2019 ஜனவரியில் தமிழ்நாடு அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களிலிருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யூ.கே.ஜி. வகுப்புகளைத் தொடங்கியது. 2022 ஜூனில் மூடப்போவதாகச் செய்தி வந்து, எதிர்ப்பு கிளம்பியதும் தொடரும் என்றது. முயலும், செய்யலாம் என்ற வினைச்சொற்களின் மேல் கட்டிய பள்ளி இப்படித்தான் ஆடும். 2024-25-க்குரிய ஒருங்கிணைந்த கல்வித் திட்ட நிதி, இரண்டாயிரம் கோடிக்கு மேல், வேறொரு திட்டத்தில் கையெழுத்துப் போடவில்லை என்பதற்காகத் தமிழ்நாட்டுக்கு நிறுத்தப்பட்டபோது, அது மானியம் என்ற சொல்லின் பழைய அர்த்தம் திரும்பி வந்தது. கொடுத்த கை எடுத்துக்கொள்கிறது.

வரிச்சிக்குடி இருக்கிற நிர்வாகப் பிரிவுக்கு இன்றும் கோட்டுச்சேரி கொம்யூன் பஞ்சாயத்து என்றுதான் பெயர். 1880-இல் பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுவந்த சொல். அதன் சொந்த ஊரில் கொம்யூன் என்றால் பள்ளிக்கூடம் வைத்தே ஆகவேண்டிய இடம். இங்கே 2006-இல் 38 வருஷத்துக்குப் பிறகு ஒரு உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அதன் பதவிக்காலம் 2011-இல் முடிந்தபின் பல வருஷம் தேர்தலே இல்லை. சொல் தங்கிவிட்டது, அதன் கடமை தங்கவில்லை.

சொற்களோடு மாரடிப்பது நம் தொழில் என்று சொல்லிக்கொள்கிறோம். உருவம், படிமம் என்று பக்கம் பக்கமாகப் பிரித்துப் பார்க்கிறோம். மதிப்பூதியம் என்ற சொல்லையும் ஒரு முறை பிரித்துப் பார்க்கலாம். மதிப்பு இருக்கிற இடத்தில் ஊதியம் குறைவு என்பதுதான் அதன் இலக்கணம். ஒரு குழந்தை முதல் முதலாகத் தன் தாய் அல்லாத ஒருத்தியிடமிருந்து தமிழ்ச் சொல் கேட்பது அவளிடம்தான். அவளுக்குப் பேரேட்டில் ஒரே ஒரு தலைப்பு மாற வேண்டும். நிரவியில் ஒரு பதினெட்டு வயதுப் பையனுக்கு 1909-இலேயே அந்தத் தலைப்பில் பணம் கொடுத்திருக்கிறார்கள்.