பாழ்நிலத்தின் கையேடுகள்: பிழைக்கும் வழியைச் சொல்பவர் யார்?

அணுப்போருக்குப் பிந்தைய உலகில் நிகழும் 'ஃபால்அவுட்' வரிசைக் கணினி விளையாட்டுகளுக்குள் புதிதாக நுழைவோருக்கு, அதில் தேர்ந்தவர்கள் சொல்லும் அறிவுரைகள் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். திறந்து கிடக்கும் நீரைக் குடிக்காதே. கதிர்வீச்சை நீக்கும் மருந்தைச் சேமித்து வை. தோட்டாக்களை எண்ணிச் செலவிடு. வலிமை கூடும்வரை தொலைவு போகாதே. இவ்வறிவுரைகளுக்கு விளையாட்டைவிட நீண்ட வரலாறு உண்டு. அமெரிக்க அரசு பனிப்போர்க் காலத்தில் தன் குடிமக்களுக்காக அச்சிட்ட சிறுநூல்களிலிருந்து அவ்வரலாற்றைத் தொடங்கலாம்.

1949 ஆகஸ்டில் சோவியத் ஒன்றியம் தன் முதல் அணுகுண்டைச் சோதித்தது. அடுத்த ஆண்டே 'அணுத் தாக்குதலில் உயிர்பிழைத்தல்' என்னும் பொருள்படும் தலைப்பில் ஒரு சிறுநூல் வாஷிங்டனிலிருந்து வெளிவந்தது. அணுகுண்டு வீச்சிலிருந்து உயிர்தப்ப முடியும் என்று அது உறுதியளித்தது. மறைவிடம் தேடு, தரையில் குப்புறப் படு, முகத்தைக் கைகளுக்குள் புதை, உடனே வெளியே ஓடாதே, திறந்த கலங்களில் உள்ள உணவையும் நீரையும் தொடாதே, வதந்தி பரப்பாதே என்பவை அதன் ஆறு விதிகள். 1952இல் பொதுமக்களுக்குக் காட்டப்பட்ட ஒரு குறும்படத்தில் பெர்ட் என்னும் கேலிச்சித்திர ஆமை, குனிந்து மூடிக்கொள்ளும் வித்தையைப் பள்ளிச் சிறுவர்களுக்குக் கற்பித்தது.

1954 மார்ச் 1 அன்று பிகினி பவளத்தீவில் நடந்த 'காசில் பிராவோ' சோதனை இந்த நம்பிக்கையைத் தகர்த்தது. அதன் ஆற்றல் 15 மெகாடன். எதிர்பார்த்ததைப்போல் இரண்டரை மடங்கு. ஜப்பானிய மீன்பிடிப் படகு ஒன்றில் இருந்த 23 பேர் மீது வெண்சாம்பல் பொழிந்தது. அவர்களுள் ஒருவர் அவ்வாண்டு செப்டம்பரில் இறந்தார். வெடிப்புக்குப்பின் கீழே விழும் கதிரியக்கத் துகளைக் குறித்த 'ஃபால்அவுட்' என்ற சொல், அறிவியலாளரின் அறிக்கையிலிருந்து நாளிதழ்த் தலைப்புக்கு வந்து சேர்ந்த காலம் இதுவே.

ஆபத்தின் கால அளவு நீண்டதும் அறிவுரையும் மாறியது. சில நொடிகள் குனிந்திருந்தால் போதும் என்றவர்கள், இப்போது இரண்டு வாரம் நிலவறையில் அடைந்திருக்கச் சொன்னார்கள். 1959இல் வெளிவந்த குடும்பக் காப்பிடம் பற்றிய அரசுச் சிறுநூல், வீட்டின் அடித்தளத்தில் கற்காரைக் கட்டிகளால் அறை எழுப்பும் முறையை வரைபடத்துடன் விளக்கியது. கட்டவேண்டியவர் வீட்டுக்காரர், செலவும் அவருடையது.  நாட்டின் பாதுகாப்பு என்ற அரசியல் பிரச்சினை இவ்வாறு குடும்பத்தின் முன்யோசனையாகச் சுருங்கியது.

இச்சுருக்கத்துக்கு மொழியும் துணைசெய்தது. கையேடுகளின் வினை பெரும்பாலும் ஏவல் வினை. தமிழ் இலக்கணத்தைக் கொண்டு பார்த்தால் இது தெளிவாகும். ஏவல் முன்னிலைக்கே உரியது. 'படு', 'மூடு', 'ஓடாதே' ஆகியவற்றில் கேட்பவர் இருக்கிறார். சொல்பவருடைய சுவடு எங்கும் இல்லை. 'அரசு இத்தனை காப்பிடங்களைக் கட்டியது' என்ற வாக்கியத்தில் எழுவாயும் காலமும் எண்ணிக்கையும் இருப்பதால் அதைச் சரிபார்க்கலாம். 'காப்பிடம் கட்டு' என்பதைச் சரிபார்க்க வழியில்லை. கீழ்ப்படியலாம் அல்லது மீறலாம், அவ்வளவே.

1980இல் பிரிட்டன் அரசு 'காத்துக்கொள், பிழைத்திரு' என்னும் பொருளில் ஒரு கையேட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, வரலாற்றாசிரியர் ஈ.பி. தாம்சன் அதே ஆண்டில் 'எதிர்த்து நில், பிழைத்திரு' என்று தம் சிறுநூலுக்குப் பெயரிட்டார். அவரும் ஏவலையே கையாண்டார். ஆனால் அதன் வழியே குடிமக்களை நிலவறையிலிருந்து தெருவுக்கு அழைத்தார்.

கணினி விளையாட்டுகள் இந்த ஐயத்தைத் தமக்கே உரிய முறையில் வளர்த்தெடுத்தன. 1988இல் வந்த 'வேஸ்ட்லேண்ட்' விளையாட்டில், வட்டில் இடம் போதாமையால் கதைப்பகுதிகள் எண்ணிட்ட பத்திகளாகத் தனிநூலில் அச்சாயின. விளையாட்டு குறிப்பிடும் எண்ணை மட்டும் படிக்கவேண்டும். முறைமீறி முன்கூட்டியே புரட்டுவோரை ஏமாற்ற, செவ்வாய்க் கோளைப் பற்றிய பொய்க்கதை ஒன்றும் அதற்குள் வைக்கப்பட்டிருந்தது.

1997இல் வந்த முதல் 'ஃபால்அவுட்' விளையாட்டின் கையேடு, நிலவறைகளைக் கட்டிய 'வால்ட்-டெக்' என்னும் கற்பனை நிறுவனம் அதன் குடியிருப்போருக்கு வழங்கிய நூலைப் போலவே அமைந்தது. அணுவெடிப்பின் விளைவுகளை விளக்கும் பகுதியும் சமையற்குறிப்புகளும் அதில் உண்டு. விளையாட்டின் நாயகர், நிலவறை மேலாளரின் ஆணைப்படி 150 நாள்களுக்குள் நீர் சுத்திகரிப்புச் சில்லைத் தேடிக் கொணர வெளியேறுகிறார். எல்லா ஆணைகளையும் முடித்துத் திரும்புபவருக்குக் கதவு திறப்பதில்லை. மேலாளர் அவரைப் பாலைக்கே அனுப்பிவிடுகிறார். அந்நிலவறைகளுள் பெரும்பாலானவை மக்களைக் காக்கவே கட்டப்பட்டவை அல்ல, மக்களைச் சோதனைப் பொருளாக்கிய ஆய்வுக்கூடங்கள் என்பது 1998இல் வந்த இரண்டாம் பாகத்தில் வெளிப்படுகிறது.

2008இல் வந்த மூன்றாம் பாகம் கையேடு எழுதும் வேலையையே ஆடுபவரிடம் ஒப்படைத்தது. வெடிக்காத குண்டைச் சுற்றி எழுந்த மெகாடன் என்ற ஊரில் கடை நடத்தும் மொய்ரா, பாழ்நிலத்தில் பிழைக்கும் வழிகளை நூலாக்க விரும்புகிறாள். புதியவர் அவளுக்காகக் கைவிடப்பட்ட அங்காடியில் உணவு தேடவேண்டும், கதிர்வீச்சு நோயை வரவழைத்துக்கொள்ளவேண்டும், கண்ணிவெடி நிலத்தில் நடக்கவேண்டும். விளையாட்டின் அடிப்படைகளைக் கற்பிக்கும் பாடமும் இதுவே. ஆனால் சில பணிகளைச் செய்யாமலே செய்ததாகப் பொய்யுரைக்கவும் இயலும். நூலின் தரம் அதற்கேற்ப மாறும். உயிர்காக்கும் விதி ஒன்றன் பின்னால் உண்மையில் காயம்பட்டவர் இருக்கலாம், வாய்ச்சாலக்காரரும் இருக்கலாம் என்பதை ஆடுபவர் தம் செயலாலேயே அறிகிறார்.

'பண்பாட்டு உணர்வுகளை' முன்னிட்டு இவ்விளையாட்டை இந்தியாவில் வெளியிடுவதில்லை என்று மைக்ரோசாஃப்ட் 2008 அக்டோபரில் முடிவெடுத்தது. எனினும் கையேடு பற்றிய கேள்வி இந்தியாவுக்கு அயலானது அன்று. 1968ஆம் ஆண்டின் குடிமைப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறையில் உள்ள இந்நாட்டில், 2025 மே 7 அன்று 244 குடிமைப் பாதுகாப்பு மாவட்டங்களை முன்வைத்து ஒத்திகைக்கு உள்துறை அமைச்சகம் ஆணையிட்டது. அபாயச் சங்கு, விளக்கணைப்பு, வெளியேற்றப் பயிற்சி என அதன் கூறுகள் பழைய சிறுநூல்களை அறிந்தவருக்குப் பழக்கமானவை. ஒத்திகை தேவையானது, குப்புறப் படுப்பது உண்மையிலேயே சில உயிர்களைக் காக்கும். ஆயினும் 'விளக்கை அணை' என்னும் ஏவலுக்குள், அணைத்தபின் ஒதுங்கும் இடம் எங்கே, அதைக் கட்டும் பொறுப்பு யாருடையது, குண்டு விழும் நிலைவரை விவகாரம் வந்தது எப்படி என்னும் வினாக்களுக்கு இடமில்லை. அவ்வினாக்களைக் கேட்பதும் பிழைக்கும் வழிகளுள் ஒன்று. எந்தக் கையேடும் தானாக முன்வந்து அதைச் சொல்லித் தருவதில்லை.