வீட்டுக் கோழி வளர்ப்பு: ஒரு கூண்டில் சீக்கு வந்தால் வரிசைக்கே ஆபத்து

2006-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் கோலாலம்பூர், செத்தாப்பாக்கில் உள்ள கம்போங் பாசிர் வார்டிபர்ன் சுற்றுவட்டாரத்தில் சுமார் 40 கோழிகள் செத்து விழுந்தன. அவை பண்ணைக் கோழிகள் அல்ல. வீட்டு வாசலிலும் கால்வாய் ஓரத்திலும் மேய்ந்து திரிந்த கம்பத்துக் கோழிகள். சோதனையில் அது எச்5என்1 வகைப் பறவைக் காய்ச்சல் என்பது உறுதியானது. அதன் பிறகு அக்கம்பக்க வீடுகளில் நன்றாக இருந்த கோழிகளும் சேர்த்தே அழிக்கப்பட்டன.

அது தனி நிகழ்வு அல்ல. 2004-இல் கிளந்தானிலும், 2007-இல் சுங்கை பூலோவை அடுத்த பாயா ஜாராஸ் ஹிலிரிலும், 2017-இல் மீண்டும் கிளந்தானிலும் இதே நோய் கம்பத்துக் கோழிகளிடையே தலைகாட்டியது. இந்த நான்கு முறையும் மனிதருக்குத் தொற்றியதாக உறுதி செய்யப்படவில்லை. ஆனால் கோழிகளை இழந்தவர்களில் பலர், எந்தத் தவறும் செய்யாத பக்கத்து வீட்டுக்காரர்கள்.

தோட்டத்து லயங்களின் பின்புறம் நாலைந்து பெட்டையும் ஒரு சேவலும் வளர்ப்பது நம்மவர்களின் நெடுநாள் பழக்கம். தோட்டத்தை விட்டுத் தாமான் வீடுகளுக்குக் குடிவந்த பிறகும் பலர் அதை விடவில்லை. முட்டைக்காக, பிள்ளைகளுக்கு நாட்டுக்கோழிச் சாறு வைத்துக் கொடுப்பதற்காக, குலதெய்வப் படையலுக்காக என்று காரணங்கள் பல. கூண்டு அவரவருடையது; நோய் மட்டும் எல்லாருக்கும் பொது. கோழி வளர்ப்போர் முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது இதுதான்.

வெள்ளைக் கழிச்சலும் பறவைக் காய்ச்சலும்

வீட்டுக் கோழிகளை அதிகம் கொல்வது பறவைக் காய்ச்சல் அல்ல, நியூகாசல் நோய். தமிழ்நாட்டில் இதை வெள்ளைக் கழிச்சல் என்றும் ராணிக்கெட் என்றும் சொல்வார்கள். மலாயில் இது 'சம்பார் ஆயாம்'. 1926-ஆம் ஆண்டு ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசல் நகரிலும் இது முதன்முதலாக அடையாளம் காணப்பட்டது.

நோய் கண்ட கோழி இறக்கையைத் தொங்கவிட்டு ஒதுங்கி நிற்கும். பச்சை அல்லது வெள்ளை நிறத்தில் கழியும். வாயைத் திறந்து மூச்சு வாங்கும். சில கோழிகளுக்குக் கழுத்து ஒரு பக்கமாக முறுக்கிக்கொள்ளும். தடுப்பூசி போடாத கூட்டத்தில் கடுமையான வகை புகுந்துவிட்டால் சில நாள்களில் கூண்டே காலியாகிவிடலாம். இதற்கு மருந்து கிடையாது. முன்கூட்டியே தடுப்பது ஒன்றுதான் வழி.

பறவைக் காய்ச்சலின் அடையாளங்களும் ஏறக்குறைய இவையே. கொண்டையும் தாடியும் நீலம் பாய்வது, முகம் வீங்குவது, அடையாளமே தெரியாமல் திடீரென்று சாவது ஆகியவையும் சேரலாம். இரண்டையும் கண்ணால் பார்த்துப் பிரித்தறிய முடியாது. பரிசோதனைக்கூடத்தில்தான் உறுதி செய்ய முடியும்.

ஒரு குப்பி மருந்து, ஒரு வரிசை வீடுகள்

வெள்ளைக் கழிச்சலுக்குத் தடுப்பு மருந்து இருக்கிறது. கம்பத்துக் கோழிகளுக்கென்றே வெப்பத்தைத் தாங்கும் ஒரு தடுப்பு மருந்தை 1980-களில் உருவாக்கிச் சோதித்ததில் செர்டாங்கில் உள்ள அன்றைய மலேசிய விவசாயப் பல்கலைக்கழகத்துக்குப் பெரும் பங்கு உண்டு. இன்று அது புத்ரா மலேசியப் பல்கலைக்கழகம். ஓடித் திரியும் கோழிகளைத் துரத்திப் பிடிப்பது சிரமம் என்பதால், தீனியில் கலந்தே மருந்தைக் கொடுக்க முடியுமா என்று அப்போது ஆய்வு செய்தார்கள்.

வீடுகளில் வளர்ப்போருக்கு உள்ள சிக்கல் வேறு. மருந்துக் குப்பி பெரும்பாலும் நூற்றுக்கணக்கான கோழிகளுக்குப் போதுமான அளவில் வருகிறது. கலக்கிய மருந்தை ஓரிரு மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும். பத்துக் கோழி வைத்திருப்பவர் 'இதற்குப் போய் ஒரு குப்பியா?' என்று விட்டுவிடுகிறார்.

இதற்கு எளிய தீர்வு, சேர்ந்து போடுவதுதான். ஒரு லயத்தில் அல்லது ஒரு தாமான் சாலையில் கோழி வளர்ப்போர் ஒரே நாளை முடிவு செய்து ஒரு குப்பியைப் பகிர்ந்துகொண்டால் செலவு சில ரிங்கிட்டில் முடிந்துவிடும். கண்ணில் அல்லது மூக்கில் ஒரு சொட்டு. சில மாதங்களுக்கு ஒருமுறை மீண்டும் ஒரு சொட்டு. எந்த வயதில் எந்த மருந்து என்பதை மாவட்டக் கால்நடை சேவைத் துறை அலுவலகத்தில் கேட்டு அறியலாம். மருந்தைக் கொண்டுவரும்போது ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவருவது நல்லது.

ஏற்கெனவே சீக்கு வந்த கோழியைத் தடுப்பு மருந்து காப்பாற்றாது. நல்ல கோழிக்கும் எதிர்ப்புச் சக்தி உருவாக ஒன்றிரண்டு வாரங்கள் ஆகும்.

புதுக் கோழியை உடனே கூட்டத்தில் விடாதீர்கள்

நோய் பெரும்பாலும் வாங்கி வரும் கோழியோடுதான் வீட்டுக்குள் நுழைகிறது. சந்தையில் பல ஊர்க் கோழிகள் ஒரே கூண்டில் அடைபடுகின்றன. வாங்கும்போது துள்ளிக்கொண்டிருக்கும் கோழி, ஒரு வாரம் கழித்துச் சுருண்டு படுக்கலாம். நியூகாசல் நோய் வெளியில் தெரிய இரண்டு முதல் 15 நாள்கள் வரை ஆகக்கூடும்.

எனவே புதுக் கோழியைக் குறைந்தது இரண்டு வாரம், முடிந்தால் ஒரு மாதம், தனிக் கூண்டில் தள்ளி வைக்க வேண்டும். அதற்குத் தீனிச் சட்டியும் தண்ணீர்ச் சட்டியும் தனியாக இருக்கட்டும். பழைய கோழிகளைக் கவனித்த பிறகே புதியதிடம் போக வேண்டும்.

முனியாண்டிக்கோ மதுரை வீரனுக்கோ நேர்ந்துவிட்ட சேவலுக்கும் இதே விதிதான். பூசைக்கு வரும் சேவல்கள் பல வீடுகளிலிருந்தும் சந்தைகளிலிருந்தும் ஓரிடத்தில் கூடுகின்றன. அவற்றில் ஒன்றை வளர்ப்பதற்காக வீட்டுக்குக் கொண்டுவந்தால், அதையும் தனியாக வைத்துக் கவனிப்பதே சரி. சண்டைச் சேவல்களில் ஆபத்து இன்னும் அதிகம். 2004-இல் கிளந்தானில் பரவிய தொற்றுக்கு எல்லை தாண்டிக் கொண்டுவரப்பட்ட சண்டைச் சேவல்களே காரணமாக இருக்கலாம் என்று சந்தேகிக்கப்பட்டது.

சிலிப்பரில் ஒட்டி வரும் கிருமி

கோழி எச்சத்தில் இருக்கும் கிருமி சிலிப்பரிலும், மோட்டார்சைக்கிள் சக்கரத்திலும், இரவல் வாங்கிய கூண்டிலும் பயணம் செய்யும். கூண்டுக்குள் போவதற்கென்று ஒரு ஜோடி சிலிப்பர் வைத்துக்கொள்வது செலவில்லாத காவல். வேறு வீட்டுக் கோழிகளைத் தொட்டுவிட்டு வந்தால், குளித்து உடை மாற்றிய பிறகு சொந்தக் கூண்டுக்குப் போகலாம்.

இந்த இரு நோய்களின் கிருமிகளையும் சோப்பும் தண்ணீருமே பெரும்பாலும் அழித்துவிடும். ஆனால் எச்சத்தையும் மண்ணையும் சுரண்டி அகற்றாமல் மேலே பிலீச் ஊற்றுவதில் பயனில்லை. முதலில் கழுவ வேண்டும். அதன் பிறகுதான் கிருமிநாசினி.

எலி வந்தால் பாம்பும் வரும்

சிந்திய தீனிக்கு எலி வரும். எலியைத் தேடிப் பாம்பு வரும். தீனியை மூடி போட்ட தகர டின்னில் வைத்து, மாலையில் மிச்சத்தைக் கூட்டி எடுத்துவிட்டால் பாதித் தொல்லை குறையும்.

சாதாரண கோழி வலை கோழியை உள்ளே வைத்திருக்கும். ஆனால் நாயையோ மூசாங்கையோ தடுக்காது. கூண்டின் கீழ்ப் பகுதிக்குச் சிறு கண் உள்ள கனமான இரும்பு வலை போட்டு, அதை மண்ணுக்குள்ளும் புதைத்துவிட்டால் தோண்டி நுழைய முடியாது. முட்டை தின்ன வரும் உடும்பும் இதற்கு அஞ்சும். மலைப்பாம்பு கூண்டுக்குள் புகுந்துவிட்டால் யாரும் கையால் பிடிக்க முயல வேண்டாம். 999 எண்ணுக்கு அழைத்தால் தீயணைப்புத் துறையோ பொதுத் தற்காப்புப் படையோ வந்து பிடிக்கும்.

தோட்டங்களில் இன்னொரு ஆபத்தும் உண்டு. செம்பனை மரத்தடிகளில் எலி மருந்து வைப்பார்கள், களைக்கொல்லி தெளிப்பார்கள். அந்த நாள்களை மண்டோரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு கோழிகளை அடைத்து வைப்பது நல்லது.

பிள்ளைகளும் அக்கம்பக்கமும்

நன்றாக இருக்கும் கோழியின் எச்சத்திலும் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கு இதனால் கடும் வயிற்றுப்போக்கு வரும். குஞ்சை முகத்தோடு வைத்துக் கொஞ்சுவதைத் தவிர்க்கச் சொல்ல வேண்டும். கோழியையோ முட்டையையோ தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே சாப்பாடு.

தண்ணீர்ச் சட்டியைத் தினமும் கொட்டித் தேய்த்துக் கழுவ வேண்டும். தேங்கிய நீரில் ஏடிஸ் கொசு முட்டையிட்டு, ஒரு வார அளவிலேயே கொசுவாகப் பறந்துவிடும். வீட்டு வளாகத்தில் கொசுப் புழு கண்டுபிடிக்கப்பட்டால், 1975-ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டத்தின் கீழ் அபராதம் விதிக்கப்படலாம்.

எத்தனை கோழி வளர்க்கலாம், எங்கே வளர்க்கலாம் என்பதற்கான விதிகள் ஊராட்சி மன்றத்துக்கு மன்றம் மாறுபடும். கூண்டு கட்டும் முன் மன்றத்திடம் கேட்பதும், பக்கத்து வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்வதும் பின்னால் வரும் சண்டையைத் தவிர்க்கும். அதிகாலையில் கூவும் சேவலை இருட்டான பெட்டியில் அடைத்து, நன்கு விடிந்த பிறகு திறந்துவிடுவது சிலர் கையாளும் வழி. பெட்டியில் காற்றோட்டம் அவசியம்.

கோழி செத்தால் என்ன செய்வது?

பெரும்பாலோர் தவறு செய்யும் இடம் இதுதான். முதல் கோழி செத்ததும், மிச்சத்தைச் 'சாவதற்குள்' அறுத்துச் சமைக்கிறார்கள்; அல்லது மலிவாக விற்றுவிடுகிறார்கள். செத்ததைக் கால்வாயிலோ ஆற்றிலோ வீசுகிறார்கள். ஒரு வீட்டில் முடிந்திருக்க வேண்டிய சீக்கு அடுத்த தாமானுக்குப் போவது இப்படித்தான்.

நன்றாக வெந்த இறைச்சியில் பறவைக் காய்ச்சல் கிருமி இருக்காது. உள்வரை 70 டிகிரி செல்சியஸ் சூடு ஏறினால் அது செத்துவிடும். ஆனால் ஆபத்து தட்டில் இல்லை. சீக்குக் கோழியை அறுக்கும்போதும், இறகு பிடுங்கும்போதும், குடலை எடுக்கும்போதும்தான் ஆபத்து. 1997-இல் ஹாங்காங்கில் இந்நோய் முதன்முதலாக மனிதரிடம் பரவியபோது 18 பேர் பாதிக்கப்பட்டு, அவர்களில் 6 பேர் இறந்தனர்.

செய்ய வேண்டியவை இவை:

• ஒரு கோழி மட்டும் செத்தால், கையுறை அல்லது பிளாஸ்டிக் பை கொண்டு எடுத்து, கிணற்றுக்கும் ஆற்றுக்கும் தள்ளி ஆழமாகக் குழி தோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதைக்கவும். மற்றக் கோழிகளை அடைத்து வைத்துக் கவனிக்கவும்.

• ஒன்றிரண்டு நாளில் பல கோழிகள் அடுத்தடுத்துச் செத்தால், எதையும் அறுக்கவோ விற்கவோ இடம் மாற்றவோ வேண்டாம். மாவட்டக் கால்நடை சேவைத் துறை அலுவலகத்துக்கு உடனே தெரிவிக்கவும். சோதனைக்கு மாதிரி எடுப்பது அவர்கள் வேலை.

• அக்கம்பக்கத்தில் கோழி வளர்ப்போருக்கு அன்றே சொல்லவும். அவர்கள் தங்கள் கோழிகளை அடைத்து வைக்க அது உதவும்.

• சீக்குக் கோழியைத் தொட்டவருக்குப் பத்து நாள்களுக்குள் காய்ச்சல், இருமல், மூச்சுத் திணறல் வந்தால் கிளினிக்குக்குப் போய், கோழியைத் தொட்டதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும்.

'சொன்னால் எல்லாக் கோழியையும் அழித்துவிடுவார்களே' என்ற பயம் பலருக்கு உண்டு. அந்தப் பயத்தில் நியாயமும் உண்டு; பறவைக் காய்ச்சல் என்று உறுதியானால் அப்படித்தான் நடந்திருக்கிறது. ஆனால் பலநேரம் அது வெள்ளைக் கழிச்சலாகவே இருக்கும். அதைத் தெரிந்துகொண்டால் மிச்சமுள்ள வீடுகள் நேரத்தோடு தடுப்பு மருந்து போட்டுத் தப்பலாம். மறைத்தால், எந்த நோய் என்றும் தெரியாது, எத்தனை வீட்டுக்குப் போயிருக்கிறது என்றும் தெரியாது. பத்துக் கோழியோடு நிற்க வேண்டிய இழப்பு, ஒரு தாமான் முழுவதற்கும் ஆகிவிடும்.