இந்தியாவில் பணவீக்க அளவீடு

பொருள்கள், சேவைகள் ஆகியவற்றின் பொது விலைமட்டம் தொடர்ந்து உயர்வதும், அதனால் பணத்தின் வாங்கும் திறன் குறைவதும் பணவீக்கம் எனப்படும். முன்பு பணப் புழக்கம் மிகுவதையே அச்சொல் குறித்தது. இருபதாம் நூற்றாண்டில் விலை உயர்வைக் குறிக்கும் பொருள் நிலைபெற்ற பின்னரும், லுட்விக் வான் மீசஸ் முதலிய ஆஸ்திரியப் பொருளியலாளர்கள் பழைய வரையறையையே வலியுறுத்தினர்.

எல்லா விலைகளும் ஒரே அளவில் ஏறுவதில்லை. எனவே, எந்தப் பொருளுக்கு எவ்வளவு நிறை கொடுப்பது என்பதே அளவீட்டின் மையச் சிக்கல். அடிப்படை ஆண்டில் வாங்கப்பட்ட அளவுகளை மாற்றாமல் வைத்துக்கொண்டு விலை மாற்றத்தைக் கணக்கிடும் முறையை ஜெர்மானியப் பொருளியலாளர் எத்தியேன் லாஸ்பெயர்ஸ் 1871இல் முன்வைத்தார். இந்தியக் குறியீட்டெண்கள் இம்முறையைத் தழுவியவை.

இந்தியாவின் மொத்த விலைக் குறியீட்டெண், இரண்டாம் உலகப் போரின்போது, 1942 ஜனவரி முதல் வெளியிடப்பட்டது. வாரந்தோறும் விரைவாகக் கிடைத்ததால் பல பத்தாண்டுகள் பணவீக்கத்தின் முதன்மை அளவுகோலாக அதுவே விளங்கியது. ஆனால், கல்விக் கட்டணம், மருத்துவச் செலவு, பேருந்துக் கட்டணம் போன்ற சேவைகளின் விலை அதில் இடம்பெறுவதில்லை. 2011-12ஐ அடிப்படையாகக் கொண்ட வரிசையில் ஆலை உற்பத்திப் பொருள்களின் நிறை மட்டும் 64.23 விழுக்காடு.

குடும்பங்களின் செலவை அளந்த நுகர்வோர் விலைக் குறியீட்டெண்களோ தொழிலாளர் பிரிவுவாரியாகத் தனித்தனியே இருந்தன. ஆலைத் தொழிலாளருக்கான குறியீட்டெண் அரசு ஊழியரின் அகவிலைப்படியைத் தீர்மானித்தது. வேளாண் தொழிலாளருக்கு வேறொன்று இருந்தது. நாடு முழுவதற்கும் பொதுவான எண் இல்லாததன் விளைவு 2009இல் வெளிப்பட்டது. அவ்வாண்டு ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மொத்த விலைப் பணவீக்கம் சுழியத்துக்குக் கீழே சென்றது. அதே மாதங்களில் ஆலைத் தொழிலாளருக்கான பணவீக்கம் 9 விழுக்காட்டுக்கும் மேல் இருந்தது. மக்கள் உணர்ந்த விலைவாசியை முதன்மை அளவுகோல் காட்டவில்லை.

2011 ஜனவரி முதல் ஊரகம், நகர்ப்புறம் இரண்டையும் இணைத்த நுகர்வோர் விலைக் குறியீட்டெண் தொகுக்கப்பட்டது. ரிசர்வ் வங்கி ஆளுநர் ரகுராம் ராஜன் அமைத்த உர்ஜித் படேல் குழு, இதையே பணக் கொள்கையின் அளவுகோலாகக் கொள்ளுமாறு 2014 ஜனவரியில் பரிந்துரைத்தது. 2016இல் ரிசர்வ் வங்கிச் சட்டம் திருத்தப்பட்டு, 4 விழுக்காடு இலக்காகவும் 2 முதல் 6 விழுக்காடு வரை ஏற்கத்தக்க எல்லையாகவும் அறிவிக்கப்பட்டன.

அதன் பின் விவாதம் உணவு விலையை நோக்கித் திரும்பியது. 2012ஐ அடிப்படையாகக் கொண்ட வரிசையில் உணவு, பானங்களின் நிறை 45.86 விழுக்காடு. மழை பொய்த்துத் தக்காளி, வெங்காய விலை ஏறினால் வட்டி விகிதத்தை உயர்த்திப் பயனில்லை என்பது ஒரு தரப்பின் வாதம். தலைமைப் பொருளாதார ஆலோசகர் வெ. அனந்த நாகேஸ்வரன் தயாரித்த 2023-24 பொருளாதார ஆய்வறிக்கை, உணவை நீக்கிய பணவீக்கத்தை இலக்காக்குவதை ஆராயுமாறு கூறியது. ராஜன் இதை எதிர்த்தார். ஏழைக் குடும்பங்களின் செலவில் பெரும்பகுதி உணவே. அதை விலக்கினால் இலக்கின்மீது மக்களுக்குள்ள நம்பிக்கை குலையும் என்பது எதிர்ப்போரின் கருத்து.

நிறைகள் காலத்துக்கேற்ப மாற வேண்டும் என்பதில் இரு தரப்பும் உடன்படுகின்றன. 2022-23 குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வின்படி, உணவுக்கான செலவு ஊரகத்தில் ஏறத்தாழ 46 விழுக்காடாகவும் நகரத்தில் 39 விழுக்காடாகவும் குறைந்துள்ளது. 2012 வரிசையின் நிறைகளோ 2011-12 செலவு ஆய்விலிருந்து எடுக்கப்பட்டவை.