அழுவதற்கென்று ஒரு புத்தகம்

கண்ணீரை வரவழைக்கும் எழுத்து கலையல்ல என்பது நம் சிறு பத்திரிகைகளில் ஏறக்குறையச் சட்டமாகவே இருந்துவருகிறது. தொடர்கதையும் மேடை நாடகமும் சினிமாவும் கண்ணீரைச் சந்தைச் சரக்காக்கியதால் வந்த வெறுப்பு இது; நியாயமானதுதான். ஆனால் இந்த வெறுப்பை மட்டும் கையில் வைத்துக்கொண்டு தமிழ் வாசிப்பின் சரித்திரத்தைப் பார்க்கப் புறப்பட்டால் பாதிக்கு மேல் கண்ணில் படாது. விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி என்று நான் அறிந்த இந்த வட்டாரத்தில் ஏடும் அழுகையும் நெடுங்காலம் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருந்தன. அந்த உறவு எப்படிப்பட்டது என்பதுதான் என் விசாரணை.

தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளில் அழுகையை இரண்டாவதாக வைக்கிறார். அது பிறக்கும் இடங்களாக இளிவு, இழவு, அசைவு, வறுமை என்று நான்கைச் சொல்கிறார். பிறரால் இகழப்பட்டு எளியராவது இளிவு. உற்றாரையோ உடைமையையோ பறிகொடுப்பது இழவு. முன்னிருந்த நிலை கெட்டுத் தளர்வது அசைவு. வறுமைக்கு விளக்கம் வேண்டாம். சாவை முதலில் வைக்காமல் அவமானத்தை முதலில் வைத்தது யாப்பின் வசதிக்காகவும் இருக்கலாம். ஆனாலும் இந்தப் பக்கத்து மக்கள் எதற்கெல்லாம் கூடி அழுதார்கள் என்று பார்க்கும்போது அந்த வரிசை தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

வில்லிபுத்தூரார் இந்த மண்ணுக்காரர். திருமுனைப்பாடி நாட்டுச் சனியூரில் பிறந்தவர். அவரைப் பாரதம் பாடவைத்த வரபதி ஆட்கொண்டான் வக்கபாகையின் தலைவன். நாலாயிரத்து முந்நூறுக்கு மேற்பட்ட அந்தப் பாடல்களைப் பண்டிதர்கள் அவற்றின் சந்தத்துக்காகக் கொண்டாடினார்கள். கிராமம் வேறொன்றுக்காக வைத்துக்கொண்டது. வியாசரின் குந்தி, கர்ணன் தன் பிள்ளை என்பதைப் போர் முடிந்து நீர்க்கடன் செய்யும்போதுதான் வாய்விட்டுச் சொல்கிறாள். வில்லியிலோ கர்ணனே அவளிடம் கேட்டு வாங்கிக்கொள்கிறான்: நான் செத்து விழும்போது நீ வந்து பாலூட்ட வேண்டும், உன் மகன் என்று உலகறியச் சொல்ல வேண்டும். அவள் களத்துக்கு வருகிறாள். 1964இல் பந்துலுவின் ‘கர்ணன்’ படத்தில் கொட்டகையே அழுதது இந்தக் காட்சிக்குத்தான். இங்கே இழவைவிடப் பெரியது இளிவு. மகன் செத்துப்போனான் என்பதைக் காட்டிலும், உயிரோடு இருந்தவரை யாருடைய மகன் என்று தெரியாமல் சபைக்குச் சபை கேவலப்பட்டான் என்பதுதான் அழவைக்கிறது.

இந்தக் காட்சி ஏட்டோடு நின்றுவிடவில்லை. திரௌபதி அம்மன் திருவிழாவில் பகலில் பிரசங்கியார் பாரதம் படித்துப் பொருள் சொல்வார். அதே கதை இரவில் கூத்தாக வரும். கர்ண மோட்சக் கூத்தைச் சாவு வீட்டில் காரியத்தின்போது வைப்பது வட தமிழ்நாட்டில் வழக்கம். தங்கள் சாவுக்கு அழுது ஓய்ந்தவர்கள் விடியவிடிய உட்கார்ந்து கர்ணனுக்கு அழுகிறார்கள். இதை ‘உணர்ச்சிச் சுரண்டல்’ என்று சொல்லிவிட முடியுமா? சுரண்டுகிறவன் யார், லாபம் யாருக்கு? அழுகைக்கு இங்கே வேலை இருக்கிறது, நேரம் குறித்திருக்கிறது, அதற்குரிய பாட்டும் இருக்கிறது.

படுகளம் இன்னும் கடினமானது. களிமண்ணில் பிரம்மாண்டமாய்த் துரியோதனனைப் படுக்கவைத்து, அவன் தொடை பிளந்ததும் திரௌபதி கூந்தல் முடிகிறாள். அதற்குப் பிறகு அவன் மனைவி பெருந்திருவாள் ஒப்பாரி வைக்கிறாள். ஊர் இருவருக்காகவும் நெகிழ்கிறது. பகைவனின் பெண்டாட்டிக்கும் அழ இடம் வைத்திருக்கும் இந்த ஏற்பாட்டை நவீன நாடகக்காரர்கள் எத்தனை பேர் யோசித்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை.

1761இல் ரூஸோவின் ‘ஜூலி’ வெளிவந்தபோது பிரெஞ்சு வாசகர்கள் அழுது தீர்த்துவிட்டு, அழுததை எழுதி அவருக்கே கடிதம் போட்டார்கள். அந்தக் கடிதங்களை வைத்து 1984இல் ராபர்ட் டார்ன்டன் ஒரு நல்ல கட்டுரை எழுதினார். அங்கே வாசகன் தனியறையில் இருக்கிறான். கண்ணீர் அவனுக்கும் ஆசிரியனுக்கும் நடுவிலான அந்தரங்கம். நம்மிடம் அது தெருவில் இருந்தது. படிக்கத் தெரிந்தவர் ஒருவர், கேட்பவர்கள் பலர். எங்கள் தெருவில் நல்லதங்காள் கதை படித்தவரை நான் பார்த்திருக்கிறேன். சுற்றிலும் பெண்கள் மூக்கைச் சிந்திக்கொண்டிருப்பார்கள். அவர் மட்டும் அழமாட்டார். அழுதால் வரி தப்பிவிடும். வாசகன் வேறு, அழுகிறவர் வேறு என்ற இந்தப் பிரிவினையை நம் விமர்சனம் கணக்கில் எடுத்துக்கொண்டதே இல்லை.

அவர் கையிலிருந்தது பெரிய எழுத்துப் புத்தகம். மங்கலான விளக்கில், எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கென்றே அந்தப் பெரிய அச்சு. இரத்தின நாயகர் அண்ட் சன்ஸ் போன்ற சென்னைப் பிரசுரக்காரர்கள் மலிவாகப் போட்டு ஊர் ஊராய் அனுப்பியவை. சங்க நூல்களைப் பதிப்பித்த வரலாறு நமக்கு மனப்பாடம். இவற்றின் பக்கம் திரும்ப வெகுகாலம் யாருக்கும் மனமில்லை; 2004இல் ஆ. இரா. வேங்கடாசலபதி ‘முச்சந்தி இலக்கியம்’ எழுதிய பிறகே குஜிலிக் கடைச் சரக்கு ஆய்வுக்குரிய பொருளானது.

நல்லதங்காள் கதையில் தொல்காப்பியரின் நான்கும் கூடிவருகின்றன. பன்னிரண்டு வருஷப் பஞ்சம் வறுமை. ராஜாவின் மனைவி பிள்ளைகளோடு கால்நடையாய் அண்ணன் வீட்டுக்குப் போவது அசைவு. மூளி அலங்காரி கதவைச் சாத்துவது இளிவு. ஏழு பிள்ளைகளும் கிணற்றில் போவது இழவு. கதையில் தாங்க முடியாத இடம் கிணறு என்பார்கள். எனக்கு அந்தச் சாத்திய கதவுதான். 1876-78இன் தாது வருஷப் பஞ்சத்தைத் தாண்டி வந்த சனங்களுக்குச் சோற்றுக்காக உறவின் வாசலில் நிற்பது கற்பனை அல்ல. அந்தப் பஞ்சத்தைப் பற்றி அரசாங்கம் எழுதிவைத்ததில் தானியக் கணக்கும் சாவுக் கணக்கும் உண்டு. அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டது இல்லை. அதை வைத்திருந்தது இந்த மட்டக் காகிதப் புத்தகம். பரமசிவன் வந்து எல்லோரையும் உயிர்ப்பிக்கிறார் என்ற முடிவை யாரும் பெரிதாக நினைத்ததாகத் தெரியவில்லை. அதற்குள் அழுது முடித்துக் கூட்டம் எழுந்துவிடும்.

மௌன வாசிப்பு வந்ததும் இந்தக் கூட்டம் கலைந்தது. அதற்காக நான் ஏங்கவில்லை. 1988இல் விழுப்புரத்துப் பேராசிரியர் த. பழமலய் ‘சனங்களின் கதை’யைக் கொண்டுவந்தபோது, உறவுக்காரர்களின் வாழ்வையும் சாவையும் ஊர்ப் பேச்சிலேயே புதுக்கவிதைக்குள் எழுத முடிந்தது. படிப்பவன் தனியாகத்தான் படித்தான். கூடி அழுத பழைய கூட்டத்தைப் பொற்காலமாக்கவும் எனக்கு உத்தேசமில்லை. யார் அந்தக் கூட்டத்தில், யார் வெளியே என்று கேட்காமல் விட முடியாது.

விழுப்புரத்துக்குப் பக்கத்திலுள்ள மேல்பாதியில் தர்மராஜா திரௌபதி அம்மன் கோயில் இருக்கிறது. 2023 ஏப்ரலில் அதற்குள் போன தலித்துகள் தாக்கப்பட்டார்கள். ஜூனில் அதிகாரிகள் கோயிலுக்குச் சீல் வைத்தார்கள். மறுவருஷம் நீதிமன்ற உத்தரவின்படி பூசைக்கு மட்டும் திறந்தார்கள். 2025 ஏப்ரலில்தான் தலித்துகள் உள்ளே போய்க் கும்பிட முடிந்தது. சபை நடுவே அவமானப்படுத்தப்பட்டு நியாயம் கேட்டவளின் கோயில் அது. அவள் துகில் உரியப்படுவதற்கு மனம் பதைத்தவர்களே வாசலில் நின்று வழிமறித்தார்கள். மூளி அலங்காரி கதவைச் சாத்தும் இடத்தை அவர்கள் வீடுகளிலும் படித்துக் கேட்டிருப்பார்கள். புத்தகத்தைக் குற்றம் சொல்ல இதில் ஒன்றுமில்லை. ஆனால் தமிழ் வாசகனின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் பதிப்பு விவரங்களோடு இந்தக் கதவையும் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.